வாசகர் கேள்வி – பதில்: ரெசாங் லாவில் குழிக்குக் குழி போன மேஜர்

சென்ற இதழில் 1962 சீனப் போர் பற்றிய ஒரு பதிலில் ரெசாங் லா என்ற இடத்தையும் மேஜர் ஷைத்தான் சிங்கையும் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

விருதுநகர் வாசகர்: ஷைத்தான் சிங்குக்கு நாட்டின் மிக உயர்ந்த போர்க்கள வீர விருதான பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள் என்று எழுதினீர்கள். சரி, அன்றைக்கு அவர் என்னதான் செய்தார்? எங்கே தேடினாலும் 'தீரத்துடன் போரிட்டார்' என்ற ஒரே வரிதான் கிடைக்கிறது. கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.

நியாயமான கேள்வி. முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், இடம் புரியாமல் அவர் செய்தது புரியாது.

கிழக்கு லடாக்கில் சுஷுல் என்று ஒரு பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு என்று பெயர்தான், அதுவே 14,000 அடிக்கு மேல். அங்கே நம் விமானப்படைக்கு ஓர் ஓடுதளம் இருந்தது. அந்த அக்டோபரில் டாங்கிகளைக்கூட அன்டோனோவ் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து அதில்தான் இறக்கினார்கள். ஓடுதளம் நம் கையில் இருக்க வேண்டுமென்றால் சுற்றியுள்ள உச்சிகளும் நம் கையில் இருக்க வேண்டும். அந்த உச்சிகளுக்கு 114-வது பிரிகேட் ஆள் போட்டபோது, தென்கிழக்கு மூலையில் சுமார் 16,000 அடி உயரத்தில் இருக்கும் ரெசாங் லா கணவாய், 13-வது குமாவுன் பட்டாலியனின் 'சி' கம்பெனிக்கு வந்தது. மொத்தம் ஏறக்குறைய 120 பேர். கம்பெனி கமாண்டர் மேஜர் ஷைத்தான் சிங். 38 வயது முடிய அவருக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

அவர் ஜோத்பூர் பக்கத்துப் பாலைவனத்துக்காரர். அப்பா ஹேம் சிங்கும் ராணுவ அதிகாரி, லெப்டினன்ட் கர்னலாக இருந்தவர். கம்பெனியில் இருந்த ஜவான்கள் இன்றைய ஹரியானாவின் ரேவாரி, குர்கான், மகேந்திரகட் பகுதிகளைச் சேர்ந்த அஹிர் குடும்பத்துப் பிள்ளைகள், உழவும் மாடும்தான் வீட்டுத் தொழில். வெயிலில் வளர்ந்தவர்கள். காஷ்மீரின் பாராமுல்லாவில் இருந்த பட்டாலியனை அவசர அவசரமாக லடாக்குக்கு ஏற்றி அனுப்பினார்கள். அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் காற்று, நாம் சமவெளியில் இழுப்பதில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே இருக்கும். மண்ணோ பாறை மாதிரி உறைந்து கிடக்கிறது, மண்வெட்டி இறங்காது. பனிக்கான உடுப்பு எல்லாருக்கும் போதவில்லை. கையில் இருந்தது இரண்டாம் உலகப்போர்க் காலத்து .303 ரைஃபிள், ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த ரவை ஏறும். கூடவே சில எல்.எம்.ஜி. என்ற இலகுரக மெஷின்கன்கள், குண்டை மேல்நோக்கி வீசும் சில சிறிய மார்ட்டர்கள். அவ்வளவுதான்.

இதையெல்லாம்விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கணவாய் அகலமானது, ஆள் குறைவு. கம்பெனியின் சிறு பிரிவுகளான மூன்று பிளட்டூன்களையும் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரத்தி நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு பிளட்டூனுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெட்டவெளியும் ஓடைப்பள்ளங்களும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1962 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன்பு, லேசாகப் பனி விழுந்துகொண்டிருந்த இருட்டில், ஓடைப்பள்ளங்கள் வழியாகச் சீனப் படை மேலே ஏறியது. ஷைத்தான் சிங்கின் ஆட்கள் விழித்துத்தான் இருந்தார்கள். எதிரி துப்பாக்கிக்கு எட்டும் தூரம் வரை வரட்டும் என்று காத்திருந்து எல்லா ஆயுதங்களையும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். ஏறி வந்தவர்களில் பெரும்பகுதி அந்தப் பள்ளங்களிலேயே விழுந்தது. முதல் அலை நின்றுபோயிற்று.

அதற்கு அப்புறம்தான் உண்மையான சோதனை. நேராக ஏறினால் நடக்காது என்று தெரிந்ததும் சீனப் பீரங்கிகளும் கனரக மார்ட்டர்களும் பதுங்குகுழிகளை ஒன்றொன்றாக உடைக்க ஆரம்பித்தன. கூடவே ஒரு பெரும் படை மலையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகவும் வந்தது. இப்போது முன்னாலும் எதிரி, பின்னாலும் எதிரி.

அந்த நேரத்தில் ஷைத்தான் சிங் என்ன செய்தார் என்று கேட்டீர்கள் அல்லவா? நடந்தார். ஒரு பிளட்டூனிலிருந்து அடுத்த பிளட்டூனுக்கு, குண்டு விழுந்துகொண்டிருக்கும் வெட்டவெளி வழியாக, அந்த உயரத்தில், திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருந்தார். விருதுக்கான அரசு அறிவிப்பும் இதைத்தான் முதலில் சொல்கிறது: உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் ஒரு பிளட்டூன் நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போய் ஆட்களின் மனத்திடத்தைத் தாங்கிப் பிடித்தார் என்று. அப்படிப் போகும்போதுதான் அடிபட்டார். அதற்குப் பிறகும் நிற்கவில்லை. கையிலும் வயிற்றிலும் பலத்த காயம் பட்டு விழுந்த பிறகுதான் அந்த நடை நின்றது.

உடனிருந்த ஜவான்கள் அவரைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கப் பார்த்தார்கள். மெஷின்கன் சுடுகிறது. ஒருவரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களால் குனியவும் முடியாது, ஓடவும் முடியாது, மூன்று பேரும் சேர்ந்தே சாவார்கள். இது அவருக்குத் தெரிந்தது. என்னை இங்கேயே விட்டுவிட்டு நீங்கள் போங்கள் என்று உத்தரவு போட்டார். கெஞ்சிக் கேட்டதில்லை, உத்தரவு. ஒரு பாறை மறைவில் அவரைக் கிடத்திவிட்டு அவர்கள் போனார்கள். அடுத்த பிப்ரவரியில் அவருடைய உடல் ஒரு பாறையின் அருகேதான் கிடைத்தது.

மதுரை வாசகி: குழிக்குக் குழி நடந்தது அவ்வளவு பெரிய விஷயமா? ஒரு தளபதி பத்திரமான இடத்தில் இருந்துகொண்டு வயர்லெஸ்ஸில் ஆணை கொடுப்பதுதானே புத்திசாலித்தனம்? அவர் விழுந்துவிட்டால் கம்பெனியே தலையில்லாமல் போய்விடாதா?

பட்டாலியன் கமாண்டர், பிரிகேட் கமாண்டர் என்று மேலே போகப் போக நீங்கள் சொல்வதுதான் சரி. அவர்கள் முன்வரிசையில் போய் நின்றால் வேலை கெட்டுவிடும். கம்பெனி கமாண்டரின் நிலை வேறு. ஒவ்வொரு ஜவானையும் முகம் தெரிந்து, ஊர் தெரிந்து, பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய அதிகாரி அவர்தான், அவருக்கு மேலே இருப்பவர்களால் அது முடியாது.

அந்தக் குழியில் இருக்கும் ஒரு ஜவானின் நிலையை நினைத்துப் பாருங்கள். 20, 22 வயது. இருட்டு. பக்கத்தில் இருந்த நண்பன் செத்துவிட்டான். பீரங்கிச் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. அடுத்த குழியிலிருந்து சுடும் சத்தம் வருகிறதா என்றுகூடத் தெரியவில்லை. அடுத்த பிளட்டூனோ பல நூறு மீட்டருக்கு அப்பால். எதிரியைவிட அவனை அதிகம் உலுக்குவது ஒரு சந்தேகம்தான்: மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்களோ, நான் மட்டும்தான் மிச்சமோ? உலகத்தில் எந்தப் படையாக இருந்தாலும் நிலை உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒருவன் எழுந்து ஓடினால் போதும், அவனைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து இன்னொருவன்.

குண்டு மழை பெய்யும் இடத்தில் தொலைபேசிக் கம்பி அறுந்துபோகும். வயர்லெஸ் எல்லார் கையிலும் இருக்காது, கம்பெனிக்கு ஒன்றிரண்டு இருந்தால் பெரிது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க மேஜரிடம் இருந்த ஒரே கருவி அவருடைய உடம்புதான். அவர் குழிக்குள் குதித்து வந்து நிற்கும்போது அந்தப் பையனுக்கு ஒரே நொடியில் எல்லாம் தெரிந்துவிடுகிறது. மேஜர் சாப் உயிரோடு இருக்கிறார். அந்தப் பக்கத்துப் பிளட்டூன் இன்னும் இருக்கிறது, ஏனென்றால் அங்கிருந்துதான் வருகிறார். நம்மை மறக்கவில்லை. அவர் எந்தப் பெரிய வசனமும் பேசத் தேவையில்லை. எத்தனை ரவை மிச்சம், யாருக்குக் காயம், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், இவ்வளவு கேட்டுவிட்டு அடுத்த குழிக்குப் போனால் போதும்.

அவர் செய்தது வீர சாகசம் என்பதைவிட, தலைமையின் அடிப்படை வேலை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்த அடிப்படை வேலையைச் செய்ய அன்றைக்குத் தேவைப்பட்ட துணிச்சல் சாதாரணமானதில்லை. மெஷின்கன் குறிவைத்திருக்கும் திறந்தவெளியில் ஒருமுறை போய்வருவதே பெரிது. போய்விட்டு வந்து, திரும்பவும் எழுந்து போக வேண்டும்.

அவர் விழுந்தால் கம்பெனி தலையில்லாமல் போய்விடாதா என்ற உங்கள் கேள்விக்கும் அன்றைய நாளே பதில் சொல்கிறது. அவர் விழுந்த பிறகும் கம்பெனி உடையவில்லை. பிளட்டூன்களை நடத்திய ஜமேதார்களும் ஹவில்தார்களும் நாயக்குகளும் தொடர்ந்து சண்டை போட்டார்கள். ரவை தீர்ந்த இடங்களில் துப்பாக்கி முனையில் மாட்டும் பயனெட் கத்தியாலும் வெறும் கையாலும் மோதினார்கள்.

கும்பகோணத்திலிருந்து ஓர் ஆசிரியர்: நம் பக்கம் பீரங்கிகளே இல்லையா? சுஷுலில் இருந்தன என்று படித்த ஞாபகம்.

இருந்தன. உதவ முடியாமல் போனது, அதுதான் பெரிய வேதனை. பீரங்கிகள் கீழே பள்ளத்தாக்கில். ரெசாங் லாவுக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு மலை முகடு குறுக்கே நின்றது. உயரமான மதில் சுவருக்கு அந்தப் பக்கம், சுவரை ஒட்டி நிற்கும் ஒருவர் மேல் தூரத்திலிருந்து கல் எறிந்து பாருங்கள். தாழ்வாக எறிந்தால் சுவரில் மோதும், உயர்த்தி எறிந்தால் அவரைத் தாண்டி எங்கோ போய் விழும். பீரங்கிக் குண்டும் வளைவாகத்தான் போகிறது, அதன் வளைவுக்கும் எல்லை உண்டு. ஆக, மற்ற உச்சிகளில் இருந்த கம்பெனிகளுக்குக் கிடைத்த பீரங்கி ஆதரவு 'சி' கம்பெனிக்குக் கிடைக்கவில்லை. சண்டை தொடங்குவதற்கு முன்பே அங்கே இருந்த எல்லாருக்கும் இது தெரியும். எந்த உதவியும் வராது என்று தெரிந்தேதான் நின்றார்கள்.

திருப்பூர் வாசகர்: கோபித்துக்கொள்ளாதீர்கள். கடைசி ஆள் வரை சண்டை போட்டுச் சாவது நல்ல தலைமையா? ஆட்களைக் காப்பாற்றிப் பின்வாங்கியிருந்தால் அவர்கள் இன்னொரு நாள் போரிட்டிருக்கலாமே?

இதில் கோபிக்க என்ன இருக்கிறது, ராணுவக் கல்லூரிகளிலேயே விவாதிக்கும் கேள்வி இது.

பின்வாங்குவது அவமானம் இல்லை. திட்டமிட்டுப் பின்வாங்குவது முன்னேறுவதைவிடக் கஷ்டமான வேலை என்று படைகளில் சொல்வார்கள். ஆனால் ரெசாங் லாவில் பின்வழியும் அடைபட்டுவிட்டது. பகல் வெளிச்சத்தில் மறைவே இல்லாத சரிவில் இறங்கினால் முதுகில்தான் குண்டு விழும். தவிர, கீழே சுஷுலில் இருந்தவர்களுக்கு நேரம் தேவைப்பட்டது. அந்த நேரத்தை வாங்கித் தருவதற்காகத்தான் கம்பெனியை அங்கே போட்டதே.

பலன் கிடைத்ததா என்றால், ரெசாங் லாவும் அதே நாளில் தாக்கப்பட்ட குருங் ஹில்லும் கைவிட்டுப் போன பிறகு பிரிகேட் சுற்றியிருந்த உச்சிகளைக் காலி செய்தது. ஆனால் சீனப் படை இறங்கி வந்து சுஷுலைப் பிடிக்கவில்லை. மூன்று நாளில் சீனாவே போர்நிறுத்தம் அறிவித்தது. 'சி' கம்பெனியால்தான் சுஷுல் தப்பியது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். சீனா லடாக்கில் தான் உரிமை கோரிய கோடு வரை வந்துவிட்டு அதோடு நின்றது என்பதும் உண்மை. என்னைக் கேட்டால் இந்த வாதம் எப்படி முடிந்தாலும் அந்த 120 பேர் செய்ததன் மதிப்பு ஒரு துளியும் குறையாது. அவர்களுக்குக் கொடுத்த வேலை, அந்தக் கணவாயை விடாதே என்பது. விடவில்லை.

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பாலைவனத்திலும் சமவெளியிலும் வளர்ந்தவர்களை 16,000 அடிக்கு அனுப்பும்போது போதுமான குளிர் உடுப்பு ஏன் இல்லை, பீரங்கி எட்டாத இடத்தில் ஏன் ஒரு கம்பெனியைத் தனியாக விட்டார்கள், உலகப்போர் முடிந்து 17 ஆண்டுகளுக்குப் பிறகும் ஏன் அதே ரைஃபிள்? தோல்விக்கான காரணங்களை ஆராய்ந்து லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் ப்ரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் 1963-இல் கொடுத்த அறிக்கையை எந்த அரசும் இன்றுவரை முறையாக வெளியிடவில்லை. மேஜரைக் கொண்டாடுகிற கையோடு அதையும் நாம் கேட்க வேண்டும். அவருடைய வீரம் டெல்லியில் நடந்த தவறுகளுக்குப் போர்வையாகிவிடக் கூடாது.

சேலம் வாசகர்: 1,300 சீனர்களைக் கொன்றார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, நிஜமா?

அப்படிப்பட்ட பெரிய எண்களை நம்பிப் பரப்ப வேண்டாம். நம் அரசின் விருது அறிவிப்பு, நம்மில் ஒருவருக்கு எதிரியில் நாலைந்து பேர் விழுந்தார்கள் என்கிறது. சீனாவோ 1962 போர் முழுவதற்கும் சேர்த்தே தன் தரப்பில் இறந்தவர்கள் 722 பேர் என்கிறது. இரண்டும் பொருந்தவில்லை, எந்த நாட்டுப் படையும் தன் இழப்பைக் குறைத்தும் எதிரியின் இழப்பைக் கூட்டியும்தான் சொல்லும். 'சி' கம்பெனியின் பெருமைக்கு அந்த எண் தேவையே இல்லை.

நாகர்கோவில் வாசகி: எப்போதும் அதிகாரியின் பெயரைத்தான் சொல்கிறோம். கூட இறந்த அத்தனை பேர்?

நன்றி அம்மா, இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

சுஷுல் நினைவுச் சின்னத்தில் உள்ள கணக்குப்படி இறந்தவர்கள் 114 பேர். உயிரோடு திரும்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இறந்தவர்களின் உடல்கள் மூன்று மாதம் பனிக்குள்ளேயே கிடந்தன. ஆட்டிடையர் ஒருவர் கொடுத்த தகவலின் பேரில், 1963 பிப்ரவரியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டோடு நம் குழு ஒன்று மேலே ஏறியது. அங்கே பார்த்ததை அவர்கள் பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் தங்கள் குழியிலேயே, ஆயுதத்தைப் பிடித்தபடியே உறைந்திருந்தார்கள். காயங்கள் பெரும்பாலும் முன்பக்கம். மார்ட்டர்காரர்களிடம் இருந்த ஏறக்குறைய ஆயிரம் குண்டுகளில் ஏழுதான் மிச்சம், அவையும் சுடுவதற்குத் தயாராக இருந்தன.

அவர்களில் ஒருவரை மட்டும் தனியாகச் சொல்லத் தோன்றுகிறது. தரம்பால் சிங் தஹியா, ராணுவ மருத்துவப் படையின் நர்சிங் உதவியாளர். கம்பெனியோடு இணைத்து அனுப்பப்பட்டவர். அவர் கிடைத்தபோது கையில் ஊசியும் கட்டுத்துணியும் இருந்தன. சுற்றி எல்லாரும் சுட்டுக்கொண்டும் செத்துக்கொண்டும் இருந்தபோது, அடிபட்ட யாருக்கோ ஊசி போடப் போன நேரத்தில் அவர் இறந்திருக்கிறார். சுடவேண்டிய வேலை இருப்பவனுக்காவது கோபம் துணைக்கு இருக்கும். இவருக்கு அதுவும் இல்லை. கடைசி நிமிஷம் வரை தன் வேலையைப் பார்த்தார். அவருக்கு வீர் சக்ரா கொடுத்தார்கள். அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் எட்டு வீர் சக்ராக்கள். ஜமேதார்கள் ஹரி ராம், சுர்ஜா, ராம் சந்தர், நாயக்குகள் ஹுக்கம் சந்த், குலாப் சிங், ராம் குமார், லான்ஸ் நாயக் சிங் ராம் ஆகியோர் மற்ற ஏழு பேர். பெயர்களைப் படித்துவிட்டுத் தாண்டிப் போகாமல் வீட்டில் யாரிடமாவது ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

கோவை வாசகர்: தப்பி வந்தவர்களை ராணுவமே நம்பவில்லை என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மைதான். ஒரு கம்பெனி முழுவதும் கடைசி ரவை வரை நின்று செத்தது என்று ஓரிரண்டு பேர் வந்து சொன்னால், தோல்வியின் அதிர்ச்சியில் இருந்தவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? வேறு இடங்களில் படைகள் கலைந்து ஓடிய செய்தி வந்துகொண்டிருந்த வாரம் அது. அதனால் இவர்களும் ஓடிவந்துவிட்டுக் கதை கட்டுகிறார்கள் என்றே பலர் நினைத்தார்கள். மேஜரின் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து அவரை விட்டுவிட்டு இறங்கியவர்களுக்கு அந்தச் சந்தேகப் பார்வை எப்படி இருந்திருக்கும்! நண்பர்களை இழந்த துக்கம் ஒரு பக்கம், கோழை என்ற பேச்சு இன்னொரு பக்கம். பிப்ரவரியில் உடல்களைப் பார்த்த பிறகுதான் அவர்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம் என்று தெரிந்தது. செத்தவர்கள் வந்து சாட்சி சொன்ன பிறகே உயிரோடு இருந்தவர்களை நம்பினோம். இது நமக்குப் பெருமை சேர்க்கும் விஷயம் இல்லை.

ஷைத்தான் சிங்கின் உடலை ஜோத்பூருக்குக் கொண்டுபோய் முழு ராணுவ மரியாதையோடு எரியூட்டினார்கள். அவருடைய ஜவான்களுக்கு அங்கேயே மலையடிவாரத்தில் சிதை மூட்டினார்கள்.

தஞ்சாவூர் வாசகர்: முதல் பரம்வீர் சக்ராவும் குமாவுன் படைப்பிரிவுக்குத்தானே கிடைத்தது?

ஆமாம். மேஜர் சோம்நாத் சர்மா, 4-வது குமாவுன், 1947 நவம்பர் 3, ஸ்ரீநகர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பட்காம். ஹாக்கி விளையாடும்போது அடிபட்டு இடது கையில் மாவுக்கட்டு போட்டிருந்தார். நீங்கள் வர வேண்டாம் என்றார்கள், என் கம்பெனி போகும்போது நானும் போவேன் என்று பிடிவாதமாகப் போனார். பாகிஸ்தான் பக்கமிருந்து ஊடுருவிய பழங்குடியினரின் பல மடங்கு பெரிய கூட்டம் மூன்று பக்கமும் சூழ்ந்தது. ஆட்கள் விழ விழ எல்.எம்.ஜி.க்கு ரவை நிரப்பிக் கொடுக்க ஆள் இல்லை. ஒரு கையை வைத்துக்கொண்டு சுட முடியாது, ஆனால் நிரப்ப முடியும் என்று அவரே உட்கார்ந்து மேகசினில் ரவையைத் திணித்து, ஒவ்வொரு துப்பாக்கியாகக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த வெடிமருந்துக் குவியலில் மார்ட்டர் குண்டு விழுந்து இறந்தார். வயது 24.

கம்பெனி கமாண்டர் என்ற பதவியில் இருப்பவர், ஒரு சாதாரண ஜவான் செய்யும் வேலையை, அந்த நேரத்தில் அதுதான் அவசியம் என்பதற்காக எடுத்துச் செய்கிறார். ஷைத்தான் சிங்கின் நடையும் இதுவும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. அந்தச் சண்டையில் கிடைத்த ஆறேழு மணி நேரத்தில்தான் விமானங்களில் கூடுதல் படை வந்து இறங்கி ஸ்ரீநகர் தப்பியது.

சென்னைக் கல்லூரி மாணவர்: ராணுவ அதிகாரி தேர்வுக்குப் படிக்கிறேன். இந்த மாதிரித் துணிச்சல் பிறவியிலேயே வருவதா, பயிற்சியில் வருவதா? எனக்கு இருக்குமா என்று பயமாக இருக்கிறது, அண்ணா.

தம்பி, பயமாக இருக்கிறது என்று எழுதினாய் பார், அது நல்ல அறிகுறி. பயமே இல்லாதவன் கையில் 120 பேரின் உயிரைக் கொடுக்கக் கூடாது.

உன் ஊரிலேயே, பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியை எடுத்துக்கொள். அது 1963-இல் ஆரம்பித்தது, அதுவும் இந்தச் சீனப் போர் நம்மிடம் அதிகாரிகள் எவ்வளவு குறைவு என்று காட்டிக்கொடுத்ததால்தான். கல்லூரி முடித்த சாதாரண இளைஞர்களைச் சேர்த்து அதிகாரிகளாக ஆக்கி அனுப்பினார்கள். அங்கே பயிற்சி பெற்றுப் போனவர்தான் 2014-இல் காஷ்மீரின் ஷோபியானில் உயிர்விட்ட மேஜர் முகுந்த் வரதராஜன். பிறவிக்குணம்தான் எல்லாம் என்றால் இப்படி ஓர் இடமே தேவைப்பட்டிருக்காது.

டேராடூன் ராணுவ அகாடமியில் 1932-இல் ஃபீல்டு மார்ஷல் செட்வுட் சொன்னதை ஒவ்வொரு அதிகாரியும் மனப்பாடமாகச் சொல்வார்: நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் எப்போதும் முதலில், நீ நடத்தும் ஆட்களின் மானமும் நலனும் சௌகரியமும் அடுத்து, உன் சௌகரியமும் பாதுகாப்பும் எப்போதும் கடைசியில். படிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஷைத்தான் சிங் அன்று காலையில் இந்த வரிசையை மாற்றாமல் அப்படியே செய்தார். கணவாயை விடவில்லை. முடிவு தெரிந்த பிறகு தன்னைத் தூக்கி வந்த ஆட்களைப் போகச் சொன்னார். தான் அங்கேயே கிடந்தார்.

அது அந்த ஒரு காலையில் திடீரென்று வந்திருக்க முடியாது. அமைதிக் காலத்தில் ஜவான்கள் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவது, ராத்திரிக் காவலில் நிற்பவனைப் போய்ப் பார்ப்பது, நீண்ட நடைப்பயிற்சியில் கால் புண்ணானவனின் சுமையைத் தான் வாங்கிக்கொள்வது, இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் அந்தப் பழக்கம் ஏறுகிறது. நீயும் இப்போதே ஆரம்பிக்கலாம். விடுதியில், மைதானத்தில், வீட்டில். தேர்வில் ஜெயித்தால் எனக்குக் கட்டாயம் எழுது.

ஈரோடு வாசகர்: அடுத்த ஆண்டு குடும்பத்தோடு லடாக் போகிறோம். ரெசாங் லாவைப் பார்க்க முடியுமா?

சண்டை நடந்த உச்சிக்குப் பொதுமக்கள் போக முடியாது, எல்லைக்கோடு அங்கேதான். 2020 ஆகஸ்டில் நம் படை அந்த மலைத்தொடரில் மறுபடி ஏறி நின்றபோது செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஆனால் சுஷுல் அருகே நினைவுச் சின்னம் இருக்கிறது, புதுப்பித்து 2021 நவம்பர் 18 அன்று திறந்தார்கள். பாங்காங் ஏரிக்குப் போகிறவர்கள் அங்கிருந்து சுஷுல் வழியாக ஹான்லே பக்கம் போகும் பாதையில் பார்த்துவிடலாம். எல்லைப்பகுதி என்பதால் அனுமதி விதிகள் அவ்வப்போது மாறும், லேவில் இறங்கியதும் விசாரித்துவிடுங்கள். லேவில் குறைந்தது இரண்டு நாள் சும்மா தங்கி உடம்பைப் பழக்கிக்கொள்ளாமல் மேலே கிளம்பாதீர்கள், குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் மூன்று நாள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாதை நன்றாக இருக்கும். அந்த மாதங்களிலும் சாயங்காலம் ஆனால் காற்று கடுமையாக வீசும், கம்பளி உடுப்பைப் பெட்டியில் அடியில் வைக்காமல் கைக்கெட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள்.